பெட்டி முழுவதும் ஒரே ஆரஞ்சு: ‘அடர் நிறக் கரு’ முட்டைகளுக்கு ஒரு மதிப்புரை

பெட்டியின் மூடியில் உடைத்த முட்டையொன்றின் படம் இருக்கிறது. அதில் உள்ளதை மஞ்சள் கரு என்று சொல்ல நாக்கு கூசும். செம்மஞ்சள் கரு என்றுதான் சொல்ல வேண்டும். படத்துக்குக் கீழே மூன்று வரிகள்: இயற்கைத் தீவனம் தின்ற கோழிகள், திறந்த வெளியில் உலவிய கோழிகள், கருவின் அடர்ந்த நிறமே அதன் சத்துக்குச் சாட்சி. முதல் இரண்டு வரிகளைச் சமையலறையில் நின்றுகொண்டு சரிபார்க்க வழியில்லை. மூன்றாவதை ஓரளவு சரிபார்க்கலாம். ஆறு வாரங்களாக இந்த முட்டைகளை வாங்கி, அவித்தும் பொரித்தும் மாவில் கலந்தும் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி இதே மூன்று வரிகளோடு விற்கப்படும் எந்தப் பெட்டிக்கும் பொருந்தும்.

நிறத்தைப் பொறுத்தவரை பெட்டி சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டது. வெள்ளைப் பீங்கான் தட்டில் முதல் முட்டையை உடைத்து ஊற்றியபோது, கரு படத்தில் கண்டதற்குச் சற்றும் குறையாத நிறத்தில் மேடாக எழும்பி நின்றது. வீட்டில் ஏற்கெனவே இருந்த சாதாரண முட்டை ஒன்றை அதன் பக்கத்திலேயே உடைத்தேன். தனியாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாத அந்த மஞ்சள், இதன் அருகில் பலமுறை சலவைக்குப் போய்வந்த சட்டையைப் போல வெளிறித் தெரிந்தது.

‘அடர்ந்த நிறம்’ என்பது ஆளுக்கு ஆள் மாறும் சொல். ஆகவே, தீவனத் தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் நிற விசிறியை இரவல் வாங்கினேன். கருவின் நிறத்தை எண்ணால் குறிக்கக் கோழிப்பண்ணைத் தொழிலில் நெடுங்காலமாகப் புழங்கும் எளிய கருவி அது. குறுகலான பட்டைகள் ஒரு முனையில் கோக்கப்பட்டு விசிறியைப் போல விரியும். வெளிர் எலுமிச்சை நிறத்தில் 1 என்று தொடங்கி, எண் ஏற ஏற மஞ்சள் முற்றி, கடைசிப் பட்டைகள் சிவப்பேறிய ஆரஞ்சாக முடியும். சுவிட்சர்லாந்தின் ரோச் நிறுவனத்தின் பெயரால் பல காலம் அறியப்பட்ட இந்த விசிறி, 2003இல் அந்நிறுவனத்தின் வைட்டமின் பிரிவை டிஎஸ்எம் வாங்கியபோது அதோடு கைமாறியது. முன்பு 15 பட்டைகள், இப்போது 16. முட்டையைப் பளபளப்பில்லாத வெள்ளைப் பரப்பில் உடைத்து, நேர் வெயிலோ மஞ்சள் விளக்கோ படாத பகல் வெளிச்சத்தில், பட்டையின் நுனியைக் கருவுக்குச் சற்று மேலே பிடித்து, செங்குத்தாக மேலிருந்து பார்க்க வேண்டும். இரவில் குழல்விளக்கின் கீழ் நான் எடுத்த முதல் அளவுகள் மறுநாள் காலையில் ஒரு பட்டை வரை தள்ளிப்போயின என்பதால், அவற்றை அடித்துவிட்டுப் பகலிலேயே மீண்டும் தொடங்கினேன்.

நான்கு பெட்டிகளிலிருந்து 24 முட்டைகளை அளந்தேன். ஒன்றைத் தவிர எல்லாமே 13 அல்லது 14. அந்த ஒன்றும் 12. வீட்டில் இருந்த சாதாரண முட்டைகள் 7க்கும் 8க்கும் இடையில் நின்றன. இதோடு நிறுத்தியிருந்தால் பெட்டிக்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டு எழுந்திருப்பேன். ஆனால் வீட்டுத் தோட்டத்தில் எட்டுக் கோழிகளை அவிழ்த்துவிட்டு வளர்க்கும் உறவினர் ஒருவர், ஒரே காலையில் எடுத்த ஆறு முட்டைகளைக் கொடுத்தார். அவற்றை வரிசையாக உடைத்து அளந்தபோது 6, 7, 9, 9, 11, 12 என்று வந்தது. அவருக்கே அது வியப்பாக இல்லை. ஒரு கோழி நாள் முழுவதும் புல் நுனியைக் கிள்ளிக்கொண்டிருக்கும், இன்னொன்று குப்பையைக் கிளறிப் புழுத் தேடும், மூன்றாவது தானியத் தொட்டியை விட்டு நகராது என்றார். பசும்புல் நிறைந்திருக்கும் மாதங்களில் நிறம் ஏறுவதும், வறண்ட மாதங்களில் இறங்குவதும் மேய்ச்சல் கோழி வளர்ப்பவர்கள் எல்லாரும் பார்ப்பதே.

திறந்த வெளியில் உலவி, கண்டதைக் கொத்தித் தின்னும் நூற்றுக்கணக்கான கோழிகள், வாரக்கணக்கில் ஒரே பட்டையிலோ அடுத்த பட்டையிலோ நிற்கும் முட்டைகளை இட முடியுமா? முடியும், அவை எல்லாவற்றின் தொட்டியிலும் நிறத்துக்கென்று அளந்து போடப்பட்ட ஏதோ ஒன்று இருந்தால். பெட்டி தன் பெருமையாகக் காட்டும் அந்தச் சீரான ஆரஞ்சு, என் கண்ணுக்குப் புல்வெளியைக் காட்டவில்லை. தீவன ஆலையின் தராசைக் காட்டியது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தராசில் நிறுத்து வாங்கிய நிறத்தைப் புல்வெளியின் கணக்கில் எழுதுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கருவின் நிறத்துக்குக் காரணம் கரோட்டினாய்டுகள் என்னும் நிறமிகள், அவற்றிலும் குறிப்பாகச் சாந்தோஃபில் வகையைச் சேர்ந்த லூட்டினும் ஸியாசாந்தினும். இவற்றைச் செடிகளும் பாசிகளும் சில நுண்ணுயிர்களும் உண்டாக்கும்; கோழியால் முடியாது. தின்றதிலிருந்து எடுத்துக் கருவில் சேர்த்துவைப்பது மட்டுமே அதன் வேலை. மஞ்சள் மக்காச்சோளத்தில் கிலோவுக்கு ஏறத்தாழ 20 மில்லிகிராம் அளவில் இந்த நிறமி உண்டு. மாவுச்சத்தைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் மக்காச்சோளப் புரதத் தூளில் அது பத்து மடங்குக்கும் மேலாகச் செறிந்திருக்கும். குதிரைமசாலின் காய்ந்த இலைத்தூள் இன்னொரு நல்ல மூலம். கோதுமை, பார்லி, அரிசி, வெள்ளை மக்காச்சோளம் ஆகியவற்றில் சொல்லும்படியாக எதுவும் இல்லை. ஆகவே மக்காச்சோளம் தின்ற கோழியின் கரு மஞ்சளாகவும், கோதுமை தின்றதன் கரு வெளிறியும் இருக்கும். ஜப்பானில் அரிசியே முக்கிய உணவாகக் கொடுத்து வளர்க்கப்படும் கோழிகளின் முட்டைகள் ஏறத்தாழ வெண்மையான கருவோடு விற்பனைக்கு வருகின்றன. அங்கே அந்த வெண்மையே விளம்பரம்.

இது புதிதாகக் கண்டுபிடித்த செய்தியும் அல்ல. வேதியியலாளர் ரிச்சர்ட் வில்ஷ்டெட்டர், எஷர் என்பவரோடு சேர்ந்து முட்டைக் கருவிலிருந்து இந்த நிறமியைப் பிரித்து ஆராய்ந்தது 1912இல். லூட்டின் என்ற பெயரே மஞ்சளைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். 1919இல் அமெரிக்காவில் லிராய் பால்மர், கரோட்டினாய்டுகளே ஏறத்தாழ இல்லாத உணவில் கோழிகளை வளர்த்துக் காட்டினார். அவை வளர்ந்தன, நிறமற்ற கருவுள்ள முட்டைகளை இட்டன, அந்த முட்டைகள் குஞ்சும் பொரித்தன. கருவின் நிறமே அதன் சத்துக்குச் சாட்சி என்று எழுதியவருக்கு நூறாண்டுக்கு முன்பே கோழிகள் பதில் சொல்லிவிட்டன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நிறமி கருவுக்குள் போகும் வழியும் பார்க்கத்தக்கது. குடலில் கொழுப்போடு சேர்ந்து உறிஞ்சப்பட்டு, கல்லீரலில் உருவாகும் கொழுப்புப் புரதங்களின் மேல் ஏறி, ரத்தம் வழியாகச் சினைப்பைக்குப் போகிறது. அங்கே ஒரு கரு முழு அளவை எட்டும் கடைசி வளர்ச்சி ஏழிலிருந்து பத்து நாளுக்குள் நடந்து முடியும். அந்த நாள்களில் வெங்காயத்தின் அடுக்குகளைப் போலக் கருவின் மேல் படலம் படலமாகச் சேரும். கொழுப்பில் கரையும் சாயத்தைக் கோழிக்கு ஒரு நாள் கொடுத்து, பிறகு அது இடும் முட்டையை அவித்து அறுத்தால், அந்த நாளின் படலம் மட்டும் மெல்லிய வளையமாகத் தெரியும். ஆகவே தீவனத்தை இன்று மாற்றினால் இரண்டு மூன்று நாளில் நிறம் அசையத் தொடங்கி, இரண்டு வாரத்துக்குள் புதிய நிறம் நிலைத்துவிடும். மஞ்சள் தோலுள்ள இனக் கோழிகளில் இதன் மறுபக்கத்தையும் காணலாம்: முட்டையிடத் தொடங்கியதும் நிறமியெல்லாம் கருவுக்குப் போய்விட, அலகும் பிறகு கால்களும் மெல்ல வெளுக்கும். முட்டையிடுவதை நிறுத்தினால் மஞ்சள் திரும்பி ஏறும். அனுபவமுள்ளவர்கள் கோழியின் காலைப் பார்த்தே அது எவ்வளவு காலமாக இடுகிறது என்று சொல்லிவிடுவார்கள்.

ஓட்டின் நிறத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது மரபு வழி வருவது. பழுப்பு ஓட்டுக்குள் வெளிர் கருவும் வெள்ளை ஓட்டுக்குள் அடர் கருவும் இருக்கலாம்.

இனி, 13ஐ எட்டுவது எப்படி என்று பார்க்கலாம். மஞ்சள் நிறமியை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் கருவின் நிறம் ஓர் அளவு வரை ஏறி, அதற்கு மேல் எவ்வளவு சேர்த்தாலும் பெரிதாக அசையாது. மஞ்சள் அடித்தளம் போதுமான அளவு அமைந்த பிறகு சிறிது சிவப்பைச் சேர்த்தால்தான் கரு ஆரஞ்சாகத் திரும்பும். அந்தச் சிவப்பு மிகச் சிறிய அளவிலேயே பெரிய வேறுபாட்டைக் காட்டும். இயற்கை வழியில் மஞ்சளுக்குச் செண்டுமல்லிப் பூவின் இதழ்ச்சாறும், சிவப்புக்குக் கேப்சாந்தின் நிறைந்த சிவப்பு மிளகாயின் சாறும் பயன்படுகின்றன. ஆலையில் செய்யப்படும் நிறமிகளில் மஞ்சளுக்கு அப்போ எஸ்டரும் சிவப்புக்குக் கேன்தாசாந்தினும் பெயர்பெற்றவை. விசிறி அளவைப் பொறுத்தவரை இரண்டு வழியும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோய்விடும். தட்டில் கிடக்கும் கருவைப் பார்த்து, இது பூவா மிளகாயா ஆலைப் பொடியா என்று எவராலும் சொல்ல முடியாது.

அதனால்தான் எந்த நிறமி சேர்க்கிறீர்கள் என்று கேட்டு நிறுவனத்துக்கு எழுதினேன். ஒரு வாரம் கழித்து, ‘உயர்தரமான இயற்கைத் தாவரப் பொருள்கள்’ என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. எந்தத் தாவரம் என்று மீண்டும் கேட்டதற்குப் பதிலே இல்லை. இதை நான் வீம்புக்காகக் கேட்கவில்லை. கேன்தாசாந்தினை எடுத்துக்கொண்டால், தோலுக்கு வெயில் பட்ட நிறம் தருவதாகச் சொல்லி விற்ற மாத்திரைகளில் அதை மிக அதிகமாக உட்கொண்டவர்களின் விழித்திரையில் அது படிகங்களாகப் படிந்தது தெரியவந்த பிறகு, ஐரோப்பிய ஒன்றியம் முட்டையிடும் கோழித் தீவனத்தில் அதற்குக் கிலோவுக்கு 8 மில்லிகிராம் என்று மேல்வரம்பு வைத்தது. அந்த வரம்புக்குள் இருக்கும் முட்டையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அடர்ந்த கருவுக்குக் கூடுதல் விலை கிடைக்கும் இடத்தில் குறுக்குவழியும் முளைக்கும்: 2006இல் சீனாவில் சிவந்த கருவுக்காக வாத்துகளுக்குத் தொழிற்சாலைச் சாயமான சூடான் 4 கொடுக்கப்பட்டது வெளிவந்து, முட்டைகள் சந்தையிலிருந்து அகற்றப்பட்டன. நேர்மையாகச் செண்டுமல்லியும் மிளகாயும் வாங்கிப் போடுகிறவர் அதைப் பெட்டியில் அச்சிடத் தயங்குவானேன்?

சத்தைப் பற்றிப் பெட்டி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. லூட்டினும் ஸியாசாந்தினும் நம் விழித்திரையின் மையத்தில் சேர்ந்து நிற்கும் நிறமிகள். இலைக்கீரைகளில் இவை முட்டையில் இருப்பதை விட மிக அதிகம். ஆனாலும் கருவின் கொழுப்பில் கரைந்து வருவதால் முட்டையில் உள்ளது உடலில் எளிதாகச் சேரும். செண்டுமல்லிச் சாறு தின்ற கோழியின் கருவில் லூட்டின் கூடுதலாக இருக்கும் என்பதும் உண்மையே. மீதிப் பாதிதான் இடிக்கிறது. ஆரஞ்சு நிறத்துக்குக் காரணமான சிவப்பு நிறமி லூட்டின் அல்ல. ஆகவே 8க்கும் 13க்கும் உள்ள இடைவெளியை லூட்டினின் அளவாக எண்ணிக்கொள்ள முடியாது. வைட்டமின் ஏ விஷயத்தில் கண் இன்னும் மோசமாக ஏமாறும். காரட்டின் பீட்டா கரோட்டினைக் கோழி பெரும்பாலும் வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடும், கருவில் அப்படியே சேர்ப்பது சொற்பம். மாறிய வைட்டமினோ கருவுக்குக் கண்ணில் படும் நிறம் எதையும் தராது. வைட்டமின் சேர்த்த கோதுமைத் தீவனம் தின்ற கோழியின் வெளிர் முட்டையில் அது நிறைவாகவே இருக்கும். புரதத்துக்கும் நிறத்துக்கும் தொடர்பே இல்லை.

நிறத்தை முழுக்கப் பயனற்ற அடையாளம் என்று தள்ளிவிடவும் மாட்டேன். வளர்ப்பவருக்கு அது நல்ல எச்சரிக்கை மணி. தீவனம் மாறாமலிருக்கும்போது கரு திடீரென்று வெளிறினால், குடற்புழுவோ, ரத்தக்கழிச்சலோ, பூஞ்சை நச்சு ஏறிய தானியமோ நிறமியை உறிஞ்சவிடாமல் தடுக்கிறதா என்று அவர் பார்ப்பார்; நெடுநாள் கிடங்கில் கிடந்து நிறமி சிதைந்த மக்காச்சோளமாகவும் இருக்கலாம். கரு பச்சையும் பழுப்பும் கலந்து திட்டுத்திட்டாக வந்தால் தீவனத்தில் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு அதிகமாகச் சேர்ந்துவிட்டதா என்று தேடுவார். அதிலுள்ள காசிபால் கருவின் இரும்போடு சேர்ந்து செய்யும் வேலை அது. ஆனால் இவையெல்லாம் நேற்றைய நிறத்தை அறிந்தவருக்கே பொருள்படும். கடையில் பெட்டியை எடுப்பவருக்கு அந்த ஒப்பீடு கிடையாது.

புதுமையைப் பற்றியும் நிறம் வாய் திறப்பதில்லை என்பதை மூன்றாம் வாரப் பெட்டி எனக்குக் கற்றுத்தந்தது. விசிறியில் அதே 13. ஆனால் தட்டில் ஊற்றியதும் வெள்ளைக் கரு தண்ணீராக ஓடி விளிம்பைத் தொட்டது. கரு தட்டையாகப் படர்ந்தது. வாணலியில் இரண்டு முட்டைகளைத் திருப்பும்போது இரண்டின் சவ்வும் கிழிந்தது. நாள்பட நாள்பட வெள்ளைக் கருவின் நீர் மஞ்சள் கருவுக்குள் இறங்கி, சவ்வைத் தளர்த்திவிடும். முட்டை பழையது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். அந்தப் பெட்டியில் பொதி செய்த தேதி மழுங்கி, படிக்க முடியாமல் இருந்தது. மற்ற பெட்டிகளில் இந்தக் குறை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சுவைக்கு வருகிறேன். வீட்டில் நான்கு பேரைக் கண்ணைக் கட்டி உட்காரவைத்து, ஒரே நேரம் அவித்து, ஒரே அளவு உப்பிட்ட சாதாரண முட்டையையும் இதையும் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். இரண்டு பேர் தவறாகச் சொன்னார்கள், ஒருவர் சரியாகச் சொன்னார், நான்காமவர் இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டார். கண்ணை அவிழ்த்துவிட்டு மீண்டும் கொடுத்தபோது, நால்வரும் தயக்கமே இல்லாமல் ஆரஞ்சுக் கருவே ‘செறிவாக’ இருப்பதாகச் சொன்னார்கள். நானும் அப்படித்தான் உணர்ந்தேன். உண்மை தெரிந்த பிறகும் அந்த உணர்வு போகவில்லை என்பது வேடிக்கை. அவிக்கும்போது கருவைச் சுற்றி வரும் பச்சைப் படலம் இதிலும் மற்றதைப் போலவே வந்தது: வெள்ளைக் கருவின் கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்பும் அதிக நேரக் கொதியில் சேர்வதால் வருவது, உடனே குளிர்ந்த நீரில் போட்டால் குறைந்துவிடும். ஆரஞ்சுக் கருவின் விளிம்பில் அந்தப் பச்சை இன்னும் எடுப்பாகத் தெரிந்தது மட்டுமே வித்தியாசம்.

இந்த முட்டை உண்மையிலேயே சம்பாதித்துக்கொண்ட இடம் ஒன்று உண்டு. கேக் மாவிலும் கஸ்டர்டிலும் கையால் பிசைந்த பாஸ்தா மாவிலும், எந்த வண்ணப் பொடியும் சேர்க்காமலே பொன்னிறம் வந்தது. சாதாரண முட்டையோடு பக்கத்தில் பக்கத்தில் செய்து பார்த்த பாஸ்தா மாவு, ஈர மணலைப் போல வெளிறிக் கிடந்தது. சாப்பிட வருபவர் முதலில் கண்ணால் சாப்பிடுகிறார் என்று அறிந்த சமையல்காரர்களுக்கு இதற்காகவே கூடுதல் விலை கொடுக்கத் தோன்றும், அது நியாயமான செலவும்கூட.

நிறத்தின் சீர்மைக்கு ஐந்துக்கு ஐந்து. புதுமைக்கு, ஒரு பெட்டியின் பிழையால் மூன்று. பெட்டியில் எழுதியிருப்பதன் நேர்மைக்கு இரண்டு. மாவு பிசையும் நாள்களுக்கு இதை வாங்குவதைத் தொடர்வேன். அன்றாடம் அவிப்பதற்கும் பொரிப்பதற்கும் தேதி தெளிவாக அச்சிட்ட சாதாரணப் பெட்டிக்கே திரும்பிவிட்டேன். விசிறியை நண்பரிடம் திருப்பிக் கொடுக்கப் போனபோது அளவுகளைக் காட்டினேன். 24 முட்டைகளில் 23 என்ற கணக்கைப் பார்த்ததும், எந்தப் பண்ணை என்றுகூடக் கேட்காமல், தீவனம் கலப்பவர் கெட்டிக்காரர் என்றார்.